மாற்று ஆள் வரும்வரை

ஹவில்தார் தாண்டவராயன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது, அவர் காவல் நின்ற மலையின் பனியும் கூடவே வந்துவிட்டது. தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்திலிருந்து, சுற்றிலும் ஆறடிக்கு, இருபத்திரண்டு வருஷமாக அது விழுந்துகொண்டிருந்தது. மேல்வேப்பந்தாங்கலில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால் ஊரார் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் அவரை மோர்ப்பானைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மாடு வைத்திருந்தவர்கள் மிஞ்சிய பாலை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். சும்மா கிடைப்பதை வேண்டாமென்று சொல்ல நம் ஜனம் என்ன அவ்வளவு நல்லதா.

பாவம், அவர் மனைவி சகுந்தலாதான். தினமும் வாசல் தெளிப்பதற்கு முன்னால் பனியை முறத்தால் அள்ளித் தென்னைக்குப் போடவேண்டும். ராத்திரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கூடத்தில் தனியாகப் படுத்தாள். தாண்டவராயன் படுப்பதே இல்லை. கொல்லையில் வடக்கே பார்த்து விறைப்பாக நிற்பார். நின்றபடி தூங்க நீங்கள் என்ன குதிரையா என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். மாசியில் மகள் மஞ்சுளாவுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. ஒரே ஒரு தடவை குழந்தையைத் தாத்தா கையில் கொடுத்தார்கள். உதடு நீலம் பாரித்துவிட்டது. மஞ்சுளா பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆறடிக்கு அப்பால் பாய் விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். அவர் நின்று பார்ப்பார். ஐந்தாம் மாதம் அது அப்பன் வீட்டுக்குப் போய்விடும். அதற்குள் ஒரு தடவையாவது தூக்கிவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை வந்தது. அந்த ஆசை வந்த அன்று அழுதார். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்துபோக, சகுந்தலா சுடுதுணியால் ஒற்றி எடுத்தாள்.

ஊர்ப் பெரிய ஏரியில் கேப்டன் ரெஜினா புதன்கிழமைதோறும் முன்னாள் ராணுவத்தினரைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்து கிடையாது, புத்திமதி கிடையாது. தண்ணீர்மேல் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அவர்களில் துளசிங்கத்தின் வீட்டு ஓடுகளைப் பிரித்துப்போடுகிற ஹெலிகாப்டர், ஏரியில் இறங்க இடமில்லாமல் திரும்பிப் போயிற்று. வரதப்பனின் செருப்பிலிருந்து கொட்டுகிற பாலைவன மணல் அடியில் போய்ப் படிந்துகொண்டது. தாண்டவராயனுக்கும் சரிப்பட்டது. வீட்டில் விழுந்தால் அது பனி, ஏரியில் விழுந்தால் தண்ணீர். குவிய வழியில்லை. நாலு புதனில் ஆறடி நாலடியாயிற்று. ஆறாவது புதனில் இரண்டடி. படகோட்டி ஏகாம்பரம் குடையை மடக்கி வைத்தார். மஞ்சுளா பாயைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டாள்.

ஏழாவது புதன் அவர் போகவில்லை. எட்டாவதும் போகவில்லை. தென்னையடியில் கிடந்த பனியை முறத்தால் அள்ளிக்கொண்டு வந்து தம் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தார். சகுந்தலா திட்டி ஓய்ந்து கேப்டனுக்குச் சொல்லியனுப்பினாள். கேப்டன் வந்து, கொல்லையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காதுவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

"பனிக்குள்ள யாரு?" என்று கேட்டார்.

தாண்டவராயன் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ஞானதாஸ் என்ற சிப்பாய், மார்த்தாண்டத்துக்காரன். இவரைக் காவலிலிருந்து மாற்றிவிடப் பகல் இரண்டு மணிக்கு மலைமீது ஏறி வந்துகொண்டிருந்தான். பத்தடி தூரத்தில் அவன் சிரித்ததைக்கூட இவர் பார்த்தார். மலை சரிந்து மூடிவிட்டது. மூன்று நாள் தோண்டினார்கள். பிறகு எல்லோரும் கீழே இறங்கும்படி உத்தரவு வந்தது.

"மாத்து ஆள் வராம காவக்காரன் எடத்த வுட்டு நகரக் கூடாது மேடம். அதான் சட்டம். இந்தப் பனியும் கரைஞ்சிட்டா அவன் எங்கிருந்து வருவான்?"

கேப்டன் யோசித்தார். சட்டம் சட்டம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவனுக்குப் பாக்கி இருப்பது பத்தடிதான், இந்தக் கொல்லையில் மண் இறுகிக் கிடக்கிறது, ஏரியென்றால் சிரமமில்லாமல் வந்துவிடுவான் என்றார். தாண்டவராயனுக்கு அது நியாயமாகப் பட்டது. பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒன்பதாவது புதன், பகல் இரண்டு மணி. நடு ஏரியில் படகின் முன்பலகைமீது பனி முதல் தடவையாகக் குவிந்தது. குவியல் இடுப்புயரம் வந்ததும் ஞானதாஸ் அதை விலக்கிக்கொண்டு வெளியே வந்து தோளைத் தட்டிக்கொண்டான். அதே இருபத்துநாலு வயசு. ஏகாம்பரம் எடை சமமாக இருக்கட்டுமென்று பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பிந்திட்டுண்ணே," என்றான்.

காவல் மாறும்போது, நின்றவன் கண்டதையெல்லாம் வருகிறவனிடம் ஒப்பிக்கவேண்டும். தாண்டவராயன் ஒப்பித்தார். சகுந்தலாவுக்கு ஆபரேஷன் ஆனது, புயலில் வேம்பு சாய்ந்தது, மஞ்சுளா பத்தாவதில் கணக்கில் தோற்று மறுபடி எழுதியது, அவள் கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்குச் சாம்பார் பற்றாமல் போனது, எதிரி என்று யாருமே வராதது, பேத்தியின் இடது பாதத்தில் மச்சம் இருப்பது. ஒன்றையும் விடவில்லை. உன் அம்மா உன்னைப் பற்றிக் கேட்டு எனக்கு இரண்டு கடிதம் போட்டார்கள், நான் பதில் எழுதவில்லை என்றும் சொன்னார். ஞானதாஸ் சரி என்று அதையும் வாங்கிக்கொண்டான்.

"சார்ஜ் எடுத்தாச்சு. நீங்க போயி ஒறங்குங்கண்ணே."

தாண்டவராயன் படகிலேயே காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டார். ஞானதாஸ் இறங்கி, தண்ணீர்மேல் வடக்கே பார்த்து நின்றுகொண்டான். ஏகாம்பரம் அவனைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்து படகைக் கருவேல மரத்தில் கட்டினார். யாரும் எழுப்பவில்லை. மஞ்சுளா முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து குழந்தையை அவர் மார்பில் கிடத்தினாள். தூக்கத்திலேயே அவர் கை அதை அணைத்துக்கொண்டது. குழந்தை அவர் சட்டையை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும், அவர் சிரித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விழித்து, எழுந்ததும் முதல் வேலையாக மார்த்தாண்டத்துக்குக் கடிதம் எழுதினார். நாலாம் நாள் ஞானதாஸின் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஏகாம்பரம் படகை அவிழ்க்கப் போனார். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, சேலையைக் கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர்மேல் மகனை நோக்கி நடந்து போனாள். எண்பது வயசுக் கால், நடை கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது.