காய்ச்சல் என்று சொன்னவள்

இந்தக் கதை ஒரு விடுப்புக் கடிதத்திலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த அதே கடிதம்தான்: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்…’ மாமன் கல்யாணத்துக்கும் அதுதான், மாடு கன்று போட்டாலும் அதுதான். நீங்களும் எழுதியிருப்பீர்கள், மறைக்க வேண்டாம்.

1

‘கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திவந்தார் சிவக்குமார். கண்டிப்பானவர், ஆனால் நல்ல மனசு…’

(அடித்துவிட்டேன். சிவக்குமார் என்று யாரும் இல்லை. வகுப்பு என்னுடையது. நல்ல மனசு என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ்.)

2

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. செருப்போடு தமிழையும் வாசலில் கழற்றிவிட வேண்டும். செல்போனை என் மேசைமேல் இருக்கும் டப்பாவில் போட வேண்டும். வாய்தவறி ஒரு தமிழ்ச் சொல் வந்தால் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். இந்தச் சட்டத்துக்காகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

முத்துமீனா அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருவாள். பி.எஸ்சி. முடித்தவள். அப்பா சின்னக்கருப்பனுக்கு வயல்வேலை. அவள் கண்களில் ஒரு கனவு…

(வேண்டாம். அவள் கண்களை நான் பார்த்ததே கிடையாது.)

3

ஒரு நாள் அவள் டப்பாவில் போடப்போன போனில் ஒரு செய்தி வந்திருந்தது. அண்ணன் சிவபாண்டி அனுப்பியது: ‘அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஒன்னையத்தான் கேக்குறாரு. ஒடனே வா.’ எனக்கு இது பிற்பாடுதான் தெரியும். உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

‘சார், ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்,’ என்றாள்.

ஜல்லிக்கட்டு அன்று ஒன்பது பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்த வகுப்பு அது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மறுபடியும் சொன்னாள்.

‘வெரி குட். லவுட்லி!’ என்றேன்.

மூன்றாம் முறை சத்தமாகவே சொன்னாள். வகுப்பே கைதட்டியது. நான் டப்பாவை நீட்டினேன். போனைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

(குறிப்பு: ‘இதை எவன் நம்புவான்? அந்தப் புள்ள எந்திரிச்சு ஓடியிருக்காதா?’ என்று கேட்டார் இதைப் படித்த நண்பர் மலையாண்டி. ஓடமாட்டாள் அண்ணே. உட்கார் என்றால் உட்கார்ந்தே படித்து வந்த பிள்ளை அவள்.)

வகுப்பு முடிந்து வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள். ‘சார், எங்கப்பாவுக்கு ரொம்ப முடியலயாம் சார். நான் போறேன் சார்.’

அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

4

முடிவுகள்:

அ) பஸ் பறந்தது. அப்பா கண்ணைத் திறந்து, ‘வந்துட்டியாத்தா?’ என்று… (பொய்.)

ஆ) ஆசிரியர் மனம் வருந்தி அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார். (வருந்தியது உண்மை. சட்டத்தை எடுக்கவில்லை. எடுத்தால் யார் வந்து சேருவார்கள்? இதை எழுத வெட்கமாக இருக்கிறது.)

இ) பதினாறாம் நாள் காரியம் முடிந்து முத்துமீனா வந்தாள். வாசலிலேயே நிறுத்தி, ‘தமிழ்லயே சொல்லிருக்கலாமேம்மா,’ என்றேன்.

‘நீங்கதான சார் பேசக்கூடாதுன்னீங்க?’

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறந்துபோன பாடத்தை எனக்கு ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னாள். பிறகு செருப்பைக் கழற்றினாள், போனை டப்பாவில் போட்டாள், தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

5

இதுதான் நடந்தது. இதை முடிவு என்று வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் மூன்றாம் பகுதிக்கே திரும்பிப் போகிறேன். அவள் போனும் கையுமாக நிற்கிறாள். நான் டப்பாவை நீட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கடைசி பெஞ்சில் இருக்கிறீர்கள். உங்களுக்கு விஷயம் தெரியும், தமிழும் தெரியும். எழுந்து சொல்லுங்கள். வகுப்பு முடியும்வரை நிற்கவைப்பேன், பரவாயில்லை.

சீக்கிரம் சொல்லுங்கள். அந்த மனிதர் இன்னும் மகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.