சமம்னு வந்துச்சு

அவளுடைய இடது சுட்டுவிரல் கணினியின் ஒரு விசையின் மேல், வலது சுட்டுவிரல் இன்னொரு விசையின் மேல். "யோசிக்காதீங்க. கண்ணு பாத்ததும் விரல் அழுத்தணும், அவ்வளவுதான்" என்றாள் பயிற்சி கொடுக்க வந்திருந்த உளவியல்காரப் பெண். மருத்துவமனையின் கூட்ட அறையில் கணினிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பிசியோதெரபி பிரிவில் வேலை பார்க்கும் அவளையும் அந்தப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். நோயாளிகளிடம் நம்மை அறியாமலே நாம் காட்டும் பாரபட்சத்தைக் கண்டுபிடிக்கிற சோதனையாம். மனசுக்கு அடியில் கிடப்பதை விரல் காட்டிக்கொடுத்துவிடுமாம். அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. பகலெல்லாம் நடக்க முடியாதவர்களின் காலை மடக்கி நீட்டிவிட்டு, வீட்டுக்குப் போனால் சக்கர நாற்காலியில் இருக்கும் புருஷனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவளுக்கு இதில் என்ன பெரிய பரீட்சை?

முதல் சுற்று வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. நடக்கிறவர், ஓடுகிறவர் படம் வந்தாலும், 'இனிமை', 'மகிழ்ச்சி' போன்ற நல்ல சொல் வந்தாலும் வலது விரல். ஊன்றுகோல், சக்கர நாற்காலி படம் வந்தாலும், 'அருவருப்பு', 'தோல்வி' போன்ற கசந்த சொல் வந்தாலும் இடது விரல். அடுத்த சுற்றில் படங்களைப் பக்கம் மாற்றினார்கள். இப்போது சக்கர நாற்காலியும் மகிழ்ச்சியும் ஒரே விசையில். அங்கேதான் விரல் இடறியது. தப்பாக அழுத்தும்போதெல்லாம் திரையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்து நின்றது. நாற்காலி வந்தால் நல்ல பக்கம், நாற்காலி வந்தால் நல்ல பக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் பழைய பக்கம் போனது. சேற்றில் நடப்பவள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் விரலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது.

முடிவு ஒரே வரி. மாற்றுத்திறனாளிகளைவிட மற்றவர்கள் மீது உங்களுக்கு வலுவான விருப்பம்.

உளவியல்காரப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "நிறைய பேருக்கு இப்படித்தான்க்கா வரும். இது உங்க குணத்துக்குப் போட்ட மார்க் இல்ல." இவள் தலையை ஆட்டிவிட்டு, கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. அந்தப் படங்களில் ஒன்று, படியேறும் ஒரு ஆள். அது வந்தபோதெல்லாம் விரல் பறந்தது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுபோன ஒரு நாளில்தான் அவனை முதன்முதலில் பார்த்தாள். தோளில் கருவிப் பையோடு, வழியில் நின்ற எல்லோரிடமும் ஏதாவது சொல்லிச் சிரித்தபடி, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். முதுகுத்தண்டு போனது. வாய் போகவில்லை. "ஊரையே மேல ஏத்தி விட்டவன், இப்ப கட்டில் மேல ஏற பொண்டாட்டி கையைப் பாக்கறேன்" என்பான். அவள் தூக்கி உட்காரவைத்ததும், "மூட்டை ஏறிருச்சு டாக்டரம்மா, வண்டியை எடுக்கலாம்" என்பான். அவள் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு டாக்டரம்மாதான்.

அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவன் பக்கத்து வீட்டுக்காரரின் மிக்சியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன டாக்டரம்மா, பாஸா ஃபெயிலா? யாரை உனக்குப் புடிக்குமாம்?"

காலையில் அவளேதான் சோதனையைப் பற்றிச் சொல்லியிருந்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ரெண்டும் சமம்னு வந்துச்சுங்க."

"பின்னே? என் பொண்டாட்டின்னா சும்மாவா!" அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, நல்ல காரியம்தான் செய்தோம் என்று இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம்?

சில நாள் கழித்து, விடுமுறை நாள் ஒன்றில், துணி மடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டான். கையில் செல்போன்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அந்தச் சோதனை இதுலயும் இருக்கு. நானும் போட்டுப் பாத்தேன்."

மடித்த துணி கையிலேயே நின்றது.

"நடக்கறவங்களத்தான் எனக்குப் புடிக்குமாம். வலுவா. தப்பா அழுத்திட்டேனோன்னு திரும்பத் திரும்பப் பண்ணேன். மாறவே இல்ல." போனைக் குப்புறக் கவிழ்த்தான். "எவனோ ஒருத்தனுக்கு என்னைப் புடிக்கலன்னா விட்டுத் தள்ளலாம். எனக்கே என்னைப் புடிக்கலன்னா எங்க போய்ச் சொல்ல?"

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். உதடு பாதியிலேயே நின்றுவிட்டது. எனக்கும் அதேதாங்க என்று அவள் வாயெடுத்தாள். அந்தப் படத்தில் படியேறினது நீங்கதான் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கும் அதே ஆள்தான் தெரிந்திருப்பானோ என்னவோ. இருவருமாக உட்கார்ந்து, போனவனை நினைத்து ஒரு பாட்டம் அழுதிருக்கலாம்.

அதற்குள் அவன் சொன்னான்: "நீயாச்சும் சமமா வந்தியே. அதை நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கறேன்."

"அதெல்லாம் சும்மா விளையாட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். கவிழ்ந்து கிடந்த போனையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அவன் அவளைக் கேலி செய்வது குறைந்தது. தூக்கி உட்காரவைத்தால், "இடுப்பு வலிக்குதாம்மா?" என்றான். தண்ணீர் கொடுத்தால் "தேங்க்ஸ்" என்றான். கட்டின நாளிலிருந்து அந்த வார்த்தையை அவனிடம் கேட்டதே இல்லை. எங்கோ உயரத்தில் இருக்கிறவளிடம் பேசுவது போலக் குரலைத் தணித்துப் பேசினான். அவளுக்கு அந்த மூட்டையும் வண்டியும் வேண்டியிருந்தது. ஒரு நாள் அவளே, "மூட்டை ஏறிருச்சா?" என்று எடுத்துக்கொடுத்துப் பார்த்தாள். "உனக்குப் பாரம்தான், பாவம்" என்றான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஒரு மாலை அவனை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள். கரை மேலிருந்து தண்ணீர் வரைக்கும் சிமெண்டுச் சரிவு நீளமாக இறங்கியது. காற்று பலமாக இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. சரிவின் தலைப்பில் நாற்காலியை நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். இப்படிப் பின்னால் நின்று உண்மையைச் சொன்னால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்த இடத்துக்கு வந்தோமோ என்று அவளுக்கே தோன்றியது.

"கையை எடு. நானே போறேன்" என்றான்.

"வேண்டாங்க, சரிவு."

"எடும்மா. கொஞ்ச தூரந்தானே."

எடுத்தாள். நாற்காலி மெதுவாக நகர்ந்து, பிறகு வேகம் பிடித்தது. அவன் சட்டை காற்றில் உப்பியது. முதுகு தூரமாகிப் போவதைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ பிய்த்துக்கொண்டது. செருப்பை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

"ஏங்க! எனக்கு சமம்னு வரலங்க! எனக்கும் உங்கள மாதிரிதான் வந்துச்சு!"

காற்று எதிரில் அடித்தது. பாதிச் சொல்லை அது வாயிலேயே திருப்பித் திணித்தது. கீழே அவனுடைய இரண்டு கைகளும் சக்கரங்களை இறுக்கிப் பிடித்தன. நாற்காலி ஒருமுறை குலுங்கி, தண்ணீருக்குச் சற்று முன்னால் நின்றது. அவள் சொன்னது காதில் விழுந்துதான் பிடித்தானா என்று தெரியவில்லை; அவன் திரும்பவில்லை. அவன் கால்மாட்டில் அலை வந்து வந்து சிமெண்டை நனைத்துவிட்டுப் போயிற்று.