கழிவுப் பட்டியலில் நாற்பத்திரண்டாம் எண்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை பழிவாங்கத்தான் பிறந்தது. நான் எழுதிய ஒரே நாவலை எங்கள் நூலகம் கழித்துவிட்டது. ஐந்து ஆண்டுகளாக ஒருவரும் இரவல் எடுக்காதவற்றின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. நாற்பத்தொன்றாவது வரியில் என் நாவல். அதன் கீழே, நாற்பத்திரண்டாவதாக: 'தலைமை நூலகர். பிரதி: 1. நிலை: பழையது.'

வயிறெரிந்துகொண்டிருந்த எனக்கு அந்த வரி பெரிய ஆறுதல். வீட்டுக்கு ஓடிவந்து எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் அமையவில்லை. எழுதிப் பார்த்தவை:

'அறிவுப் பெருங்கடலான அந்த நூலகத்தில்' (சீ.)

'தலைமை என்பது யாதெனில்' (இது அவருடைய சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. அவரே எழுதிக்கொள்ளட்டும்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். தலைமை நூலகருக்கு ஒழுங்கு என்றால் உயிர். தகவல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று புத்தகம், நாற்காலி, ஊழியர் அத்தனைக்கும் ஒரே வரிசையில் எண் கொடுத்துக் கணினியில் ஏற்றச் சொன்னார். பட்டியல் பிரிவு அக்கா* அன்றே உஷாராகி, தனக்கும் மற்ற ஊழியர்களுக்கும் நாற்காலிகளுக்கும் 'இரவல் தரப்படாது' என்று குறித்துவிட்டார்.

"உங்களுக்கும் போட்டுடவா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"விதிவிலக்கு தலைமையிலேர்ந்து தொடங்கக் கூடாதும்மா" என்றாராம்.

ஐந்து ஆண்டுகள் போயின. அவரை யாரும் இரவல் எடுக்கவில்லை.

(*என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பித் தருகிற எல்லோருக்கும் அவர் அக்கா.)

3

கணினிப் பதிவைத் திருத்தத் தலைமை நூலகரின் கடவுச்சொல் வேண்டும். கழிக்கப்பட்டவரின் கடவுச்சொல் செல்லாது. அந்த ஏற்பாட்டையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர் அவர்தான்.

"ஒரு வழி இருக்கு சார்" என்றார் அக்கா. "கழிச்ச புத்தகத்தை யாராவது கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டு, மறுபடி நன்கொடையா குடுத்தா, புது எண் போட்டுச் சேர்த்துக்கலாம். ஆனா அஞ்சு மணிக்குள்ள நடக்கணும். அதுக்கப்புறம் பட்டியல் மேலிடத்துக்குப் போயிடும். உங்க இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"அதுவரைக்கும் நான் எங்க உட்காரணும்?"

"விதிப்படி வாசல் மேசையிலதான் சார்."

'வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்' என்ற அட்டைக்குப் பக்கத்தில், என் நாவலைச் சற்று நகர்த்திவிட்டு, மேசைமேல் அவர் ஏறி உட்கார்ந்தார். சட்டைப் பையில் எண் ஒட்டியிருந்தது. இந்த இடத்தில் நான் வயிறு குலுங்கச் சிரிப்பதாகத் திட்டம். இரண்டு மணி நேரத்தில் பதினொரு பேர் வந்தார்கள், புத்தகங்களைப் புரட்டினார்கள், போனார்கள். ஒருவர் மட்டும் அவருடைய முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று உதட்டைப் பிதுக்கினார். அதோடு என் கோபம் வடிந்துவிட்டது. பாவமாக இருந்தது.

4

அவருடைய மனைவியை வரவழைத்தது நான். கையெழுத்துப் போட்டு எடுத்து, உடனே நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போகிற இரண்டு வரிப் பாத்திரம். அப்படித்தான் நினைத்திருந்தேன். முதல் கையெழுத்தை அந்த அம்மாள் மளமளவென்று போட்டார். அக்கா இரண்டாவது படிவத்தை நீட்டியதும் கை நின்றுவிட்டது.

"இது எதுக்கு?"

"என்னைத் திருப்பிக் குடுக்க" என்றார் தலைமை நூலகர்.

"இருபத்தாறு வருஷமா குடுத்துட்டுத்தானே இருக்கேன். ஞாயித்துக்கிழமைகூட இங்கதான் கிடந்தீங்க. இன்னைக்குத்தான் என் பேர்ல வந்திருக்கீங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, அதுக்குள்ள நன்கொடையா?"

இந்த வசனம் என் குறிப்பேட்டில் இல்லை. அக்கா மூக்கை உறிஞ்சியதும் இல்லை.

5

கைவசம் உள்ள முடிவுகள்:

அ. அம்மாள் கையெழுத்துப் போடுகிறார். நூலகம் பிழைக்கிறது. (என் மனைவி இதைப் படித்தால் நான் பிழைக்க மாட்டேன்.)

ஆ. இருவரும் கைகோத்து வெளியேற, மாலை வெயில் (அடித்துவிட்டேன். அவர் வீட்டுக்குப் போனால் கரண்டிகளுக்கு எண் ஒட்டுவார்.)

இ. நானே கையெழுத்துப் போட்டு, என் நாவலையும் அவரையும் ஒரே பையில்

மணி நாலு ஐம்பத்தாறு. அம்மாள் அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நூலகத்துக்கு நீங்க வேணுமான்னு நான் கேக்கலை. நீங்க எங்க இருக்க ஆசைப்படுறீங்க? அதை மட்டும் சொல்லுங்க. அப்படியே செஞ்சுடுறேன்."

இப்போது அவர் பேச வேண்டும். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒன்று, 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கியது. இன்னொன்று, 'உரிய பரிசீலனைக்குப் பின்'. மூன்றாவதில் தொண்டையைச் செருமியதோடு சரி. அவரையும் குறை சொல்ல முடியாது. யாருக்கு எந்தத் தகவல் வேண்டுமென்றாலும் அலமாரியும் தட்டும் தவறாமல் காட்டியவர். அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கே தேடுவது என்று தெரியாமல் விழிக்கிறார்.

ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். கிட்டப் போய், அவர் காதில் மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். சுற்றறிக்கை மாதிரி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்திகைக்கெல்லாம் நேரமில்லை. அந்த அம்மாள் ஏற்கெனவே நிறையக் காத்திருந்துவிட்டார்.