வெள்ளையடிக்க வந்த பையன்

விக்கிரமசிங்கபுரத்தில் ஆவுடைநாயகம் அண்ணாச்சி வீட்டு முகப்புக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருந்தேன். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் விஜயஸ்ரீயைப் பெண் பார்க்க அன்று பிற்பகல் அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறார்கள். அதற்குள் சுவர் வெளுத்துவிட வேண்டும்.

மகன் குமரகுருபரன் என் ஏணியையே சுற்றிக்கொண்டு நின்றான். பிளஸ் டூ முடித்தவன். ஓரிடத்தில் கால் தரிக்காது, எதையாவது உருட்டாமல் கை இருக்காது. ஏடிஎச்டி என்று பாளையங்கோட்டை டாக்டர் பேர் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். நன்றாகப் படிப்பான், நீங்கள்தான் பொறுத்துப் போக வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பாளையங்கோட்டையிலேயே ஒரு கல்லூரியில் இயற்பியலுக்கு இடமும் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். அப்பாவோ ஓசூரில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்க்கச் சொல்லி வைத்திருந்தார். அக்கா கல்யாணம் முடிகிற வரை பையன் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான்.

“ஈரச் சுண்ணாம்பு மங்கலா தெரியுது, காஞ்சா வெள்ளையாவுது. ஏன்னு சொல்லுங்க அண்ணாச்சி?” என்று என்னைக் கேட்டான்.

“காஞ்சா வெளுக்கும். இதுல என்னலே ஏன்?”

“சுவத்துல பொடிப்பொடி ஓட்டை இருக்குல்லா. அதுல தண்ணி நிக்கையில வெளிச்சம் உள்ள போயி மாட்டிக்கிடுது. காஞ்சிட்டுன்னா...”

சொல்லி முடிக்கவில்லை. வாளியில் கிடந்த, சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை எடுத்துக் கலக்கப் போய்விட்டான்.

காலையிலிருந்து கல்லூரி கல்லூரி என்று அவன் நச்சரித்ததில், சாமியே சொல்லட்டும் என்று அப்பா பூக்கட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டார். வெள்ளை அரளி வந்தால் கல்லூரி, சிவப்பு வந்தால் ஓசூர். அம்மா சித்ரலேகா இரண்டு பொட்டலம் மடித்துப் பூஜையறை வாசலில் வைத்தாள். எடுப்பதற்குச் சின்னப்பிள்ளை யாரும் வீட்டில் இல்லை.

“வே, பாக்கியசீலன், கையைக் கழுவிட்டு இங்கன வாரும். நீரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. எங்க சாமியோட உமக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஒண்ண எடும்” என்று அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

எடுத்தேன். பையன் மூச்சு என் கழுத்தில் சுட்டது. பிரித்தால் சிவப்பு.

“முடிஞ்சிட்டுலா, போ. பெட்டியை எடுத்து வையி” என்று அப்பா திரும்புவதற்குள் அவன் மற்றப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். அந்தக் கை சும்மா இருக்காது என்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

அதிலும் சிவப்பு அரளிதான்.

“அப்பா, இதுவும் சிவப்பு! அண்ணாச்சி, நீங்க பாத்தீங்கல்லா?”

“ஆமா, ரெண்டும் சிவப்புதான்” என்றேன்.

“உம்மகிட்ட யாருவே கேட்டா?” என்றார் அண்ணாச்சி. பிறகு மகனைப் பார்த்துச் சிரித்தார். “ஆமாலே, ரெண்டும் சிவப்புதான். சாமிக்கு உன்னைப் பத்தி என்ன தெரியும்? தப்பா ஒண்ணு சொல்லிட்டாருன்னா? அதான் நானே பாத்துக்கிட்டேன்.”

விஜயஸ்ரீ பக்கென்று சிரித்தாள்.

“அம்மா, நீயுமா?”

“அக்கா கல்யாணம் முடியட்டும்லே. உன்னைய இங்கன வச்சிக்கிட்டு வாரவங்களுக்கு என்ன பதில் சொல்ல?” என்றவள் குனிந்து பூக்களைப் பொறுக்கினாள்.

“அந்த மாத்திரையையும் இங்கயே போட்டுட்டுப் போ. தெரிஞ்சா கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிருவான்” என்றார் அப்பா.

பையன் சான்றிதழ்ப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பஸ் ஏறியே இருப்பான். ஆனால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டாரின் கார் வந்து நின்றுவிட்டது. அப்பா அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தூணுக்குப் பின்னால் எறிந்தார். என் தோளில் கிடந்த துண்டை உருவி அவன் தலையையும் முகத்தையும் சேர்த்துக் கட்டினார். மட்டையைக் கையில் திணித்தார்.

“வாயைத் தொறந்தே, கொன்னுருவேன். பாக்கியசீலன், இவன் உம்ம ஆளு. என்ன?”

அவர் முகத்தில் அதற்குள் வரவேற்கிற சிரிப்பு வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா பரமசிவன் பிள்ளை படியேறும்போதே கேட்டார். “பையன் எங்க, காணும்?”

“ஓசூர்ல அப்ரண்டிஸா சேந்துட்டான் அண்ணாச்சி. லீவு கிடைக்கல.”

“நல்லது, நல்லது.” அவர் சுவரைப் பார்த்து நின்றார். “என்னவே, பாதி மங்கலா இருக்கு, பாதி பளிச்சுன்னு இருக்கு? ஒரே சுண்ணாம்புதானா?”

“அது ஈரம். தண்ணி ஓட்டைய அடைச்சிருக்கதுனால வெளிச்சம் உள்ள மாட்டிக்கிடுது. காஞ்சிட்டுன்னா காத்து புகுந்துரும், அப்பம் வெளிச்சம் எல்லாப் பக்கமும் செதறும். அதான் வெள்ளை” என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை முழுசாகச் சொல்லிவிட்டான்.

பரமசிவன் பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. “ஏ, வெள்ளையடிக்க வந்த பய வாத்தியார் மாதிரில்லா பேசுதான்!” என் பக்கம் திரும்பினார். “உம்ம மகனாவே? நல்ல மூளை. காலேஜுல சேத்து விடும்வே. இங்கன நிறுத்திக் கெடுத்துராதியும்.”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

“நீங்க வேற அண்ணாச்சி. இதுகளைப் பெத்தவங்களுக்கு அந்த அக்கறை எல்லாம் எங்க இருக்கு? உள்ள வாங்க, காப்பி ஆறிப்போவும்” என்றார் ஆவுடைநாயகம்.

எல்லாரும் உள்ளே போனார்கள். கடைசியாகப் போன சித்ரலேகா, விருந்தாளிகளின் செருப்பில் தெறித்துவிடாமல் தள்ளி நின்று அடிக்கச் சொன்னாள். பையன் தள்ளி நின்றான். துண்டை நான் அவிழ்க்கப் போனபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.