இழுவை

வெள்ளை வண்டியின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. காலை வெயில் இன்னும் மதிலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பழைய வண்டிகள் விற்கும் அந்த முற்றத்தில் பாதிக்கு மேல் நிழல்தான். பக்கத்தில் நின்ற சாம்பல் நிற வண்டியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஆக, அவளும் புருஷனும் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ வெள்ளையை மட்டும் ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பினால் வருகிற புகையையும் இருமலையும் மறைக்கத்தான் இந்த வேலை. தரகரைத் திரும்பிப் பார்த்தாள். எந்த வண்டியைக் காட்டினாலும் ‘நல்ல வண்டி’ என்றுதான் அந்த மனிதர் பேச்சைத் தொடங்குவார். அதனால் நல்லவண்டி என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது.

“என்ன, கோழி அடை காத்த மாதிரி சூடா இருக்கு?” என்றாள்.

“காலையில குளிப்பாட்டினேன்மா. அதுக்குக் கொஞ்சம் நகர்த்த வேண்டி இருந்துச்சு. நல்ல வண்டிம்மா, சத்தியமா. மைலேஜ் கேட்டா நீங்களே நம்ப மாட்டீங்க.”

“நம்பத்தான் மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து, கால்மிதியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்தாள். பதினோரு வருடமாக நர்சரி நடத்துகிறவள். செடியை யார் கொடுத்தாலும் முதலில் இலையைத் திருப்பித்தான் பார்ப்பாள். மேல்பக்கம் பச்சைப் பசேலென்று சிரிக்கிற இலையின் அடியில்தான் வெள்ளைப் பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கம் மெல்ல மெல்லச் செடியிலிருந்து மனிதர்களுக்கும் தாவிவிட்டது. மகள்கூட, “அம்மா, நான் என்ன இலையா? ஏன் இப்படிப் பாக்கற?” என்று கேலி செய்வாள்.

இப்போது அவள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியை மட்டுமல்ல, புருஷனையும்தான்.

ஊரே அவனை டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. முன்பு பெரிய லாரி ஓட்டியவன். போனால் இருபது நாள், ஒரு மாதம் என்று போய்விடுவான். ஒரு தடவை அப்படி வந்து இறங்கியபோது, மூன்று வயது மகள் வாசலில் நின்று, “அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க” என்று உள்ளே குரல் கொடுத்தாள். அன்றைக்கு இவள் அழுத அழுகையில் அவன் லாரிச் சாவியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தான். அதிலிருந்து நர்சரியின் பிக்கப்பை அவன்தான் ஓட்டுகிறான். தொட்டிகளை ஏற்றுவான், வீடுகளில் இறக்குவான், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் அவளுக்கு எப்போதும் உறுத்தும்.

பழைய பிக்கப் இனி ஆகாது என்று மெக்கானிக் கைவிரித்த நாளிலிருந்து டிரைவர் ஆளே மாறிப்போனான். சாப்பிடும்போது இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன், தட்டில் கையை வைத்துக்கொண்டே எஞ்சினைப் பற்றிப் பேசினான். இழுவை இருக்கிற வண்டியாகப் பார்க்கணும், மைலேஜை மட்டும் பார்த்து வாங்கினால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், டீசல் கொஞ்சம் கூடக் குடித்தாலும் பரவாயில்லை, எஞ்சின் பெரிசாக இருக்கணும் என்று அடுக்கிக்கொண்டே போனான். அவள் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ரோஜாத் தொட்டிக்கும் குரோட்டன்ஸுக்கும் எதற்கு இவ்வளவு இழுவை? இலை என்ன கனம் கனத்துவிடும்?

அது மட்டும் என்றால் விட்டிருப்பாள். போன் வந்தால் நிழல்வலைக்குப் பின்னால் போய்ப் பேசத் தொடங்கியிருந்தான். போன வாரம் கல் பட்டறைக்காரர் நர்சரிக்கு வந்தார். இத்தனை வருடத்தில் ஒரு புல்லைக்கூட ஏறிட்டுப் பார்க்காத மனிதர், முதலில் கண்ணில் பட்ட தொட்டியை எடுத்துக்கொண்டு, டிரைவரோடு வாசலில் வெகுநேரம் நின்று பேசிவிட்டுப் போனார். செடி வாங்குகிறவர்கள் கஞ்சனோ, ஊதாரியோ, யாராக இருந்தாலும் ஒன்றைக் கேட்காமல் போக மாட்டார்கள்: எவ்வளவு தண்ணீர் ஊற்றணும்? அவர் கேட்கவில்லை. அவருக்கு அந்தச் செடி பிழைத்தால் என்ன, செத்தால் என்ன என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“சாம்பலைப் பாரு” என்றான் டிரைவர். “இதைத்தான் சூடு பண்ணாம வச்சிருக்கான். அப்படின்னா மறைக்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

அவன் சாம்பல் வண்டியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு தடவலை அவள் வீட்டில் பார்த்ததில்லை. வெள்ளையைச் சூடேற்றி வைக்கச் சொன்னதே இவனாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தன் புத்தி போகிற போக்கைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்த எண்ணத்தை அவள் முழுதாகத் தள்ளிவிடவில்லை.

“ரெண்டையும் சுமையோட ஓட்டிப் பாத்துடலாம்” என்றாள்.

அது அவள் போட்ட திட்டம். வெறும் வண்டி எந்த மேட்டிலும் ஏறும். மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்த மூட்டைகளை வழக்கமாக ஏற்றுகிற அளவு பழைய பிக்கப்பில் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அதை வெள்ளைக்கு மாற்றி மேட்டுத் தெருவில் ஏற்ற வேண்டும். அவர்கள் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அந்த மேட்டில்தான் வீடு கட்டியிருந்தார்கள். வெள்ளை ஏறிவிட்டால் மைலேஜ்தான் முக்கியம் என்று பேச்சு முடிந்துவிடும். ஏறாவிட்டால் சாம்பல். டிரைவரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான்.

மூட்டைகளை மாற்றும்போது அவள் ஒரு பக்கம் பிடிக்கப் போனாள். “நீ விடு, கை வலிக்கப் போகுது” என்றான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், தினமும் இவள் மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவள் ஒதுங்கி நின்றாள். அவனும் நல்லவண்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நல்லவண்டி, “என்னங்க இது, உள்ள கல்லா வச்சிருக்கீங்க?” என்று முனகினார். டிரைவர் அடுத்த மூட்டையைப் பிடித்தான்.

நல்லவண்டியை முற்றத்திலேயே விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். மேட்டுத் தெருவின் முதல் வளைவு வரை வெள்ளை வண்டி நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு திணறத் தொடங்கியது. எஞ்சின் அடித்தொண்டையில் முனகியது, வண்டி உதறியது.

“பாத்தியா, மூச்சு வாங்குது” என்றான் டிரைவர். “இதுதான் உன் மைலேஜு. சிக்கனம் பாத்தா இப்படித்தான்.”

அவன் சொல்வது சரிதான் என்றுதான் பட்டது. மனசு விட்டுப்போய், தலையைத் திருப்பிப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். சாலையில் ஒரு கறுத்த கோடு வண்டியின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

“நிறுத்துங்க! ஆயில் ஒழுகுது!”

வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டாள். திரும்பிப் போனதும் நல்லவண்டியை நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்ற வேகத்தில்தான் பின்பக்கம் போனாள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் எஞ்சின் பக்கம் காய்ந்து கிடந்தது. ஒழுகியது பின்னாலிருந்து, சுமை வைக்கிற பலகையின் விளிம்பிலிருந்து. சொட்டை விரலில் ஏந்தி மோந்து பார்த்தாள். ஆயில் இல்லை. கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர். அது என்ன தண்ணீர் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் அவள் தொட்டிகளின் அடியிலிருந்து வழிகிற தண்ணீர்தான்.

கையை நீட்டி மூட்டையை அமுக்கினாள். பிதுங்கி வழிந்தது. அடுத்த மூட்டை. அதற்கடுத்தது. நார்த்தூள் குடிக்கிற தண்ணீருக்கு அளவே கிடையாது. காய்ந்த மூட்டையை ஒரே ஆள் தூக்கிவிடலாம், நனைந்தால் இரண்டு பேர் வேண்டும். தகரக் கொட்டகைக்குள், மழையே படாத இடத்தில் அடுக்கி வைத்திருந்த மூட்டைகள் இவை. காலையில் இவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கொட்டகைப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. செடிக்குத்தான் விடுகிறான் என்று நினைத்தாள். அவனாகச் செடிக்குத் தண்ணீர் விடுகிறானே என்று கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டாள்.

அந்தச் சந்தோஷத்தை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

டிரைவர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாக இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வந்து அவன் பக்கக் கதவைத் திறந்தாள்.

“நகருங்க.”

“என்னாச்சு? ஆயிலா?”

“நகருங்கன்னு சொன்னேன்.”

அவன் இறங்காமல் அப்படியே பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். பழைய பிக்கப்பை அவள் கடைத்தெரு வரை ஓட்டியிருக்கிறாள், அவனுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில். மேட்டில் சுமையோடு ஓட்டியதில்லை. காலடியில் கிளட்ச் எங்கோ தூரத்தில் இருந்தது. கியரைத் தொட்டபோது இன்னொன்றும் புரிந்தது. முதல் கியரில் ஏற வேண்டிய இந்த ஏற்றத்தில் மூன்றாவதில் போட்டு ஏற்றியிருக்கிறான். மலைப்பாதையெல்லாம் தூக்கத்திலும் ஏறி இறங்குகிற ஆள், எங்கே எந்தக் கியர் என்று தெரியாமலா போட்டிருப்பான்?

முதல் கியரைப் போட்டாள். கைப்பிரேக்கை விட்டபோது வண்டி ஒரு முழம் பின்னால் போனது. டிரைவரின் கை தானாக ஸ்டியரிங்குக்கு வந்தது. “தொடாதீங்க” என்றாள். வண்டி நின்றது, யோசித்தது, பிறகு ஏறத் தொடங்கியது. பெரிய வேகமொன்றும் இல்லை. பக்கத்தில் நடந்து போன ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். ஆனால் உதறல் இல்லை. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. அத்தனை ஈரத்தையும் சுமந்துகொண்டு வெள்ளை வண்டி மேட்டின் உச்சிக்கு வந்து நின்றது. அவள் முதுகு முழுக்க வியர்த்திருந்தது.

எஞ்சினை அணைத்தாள்.

“கல் பட்டறையில என்ன சொன்னாங்க?” என்றாள்.

குட்டு வெளிப்பட்டபின் அவன் மழுப்பவில்லை. “மலை மேல புதுசா கட்டுறாங்களாம். சொந்த வண்டி வச்சிருந்தா மாசத்துக்கு ரெண்டு மூணு நடை கல் ஏத்தித் தரச் சொன்னாரு.”

“ரெண்டு மூணு நடைதானா?”

“முதல்ல.”

“அப்புறம்?”

அவன் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தான். “செடி வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா அதுங்களுக்கு நடுவுலயே இருந்து இருந்து, என்னையும் தொட்டியில வச்சுட்ட மாதிரி இருக்கு. ஒரு நாள், ரெண்டு நாள் போய்ட்டு வந்தா…”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டாள். சண்டை போட்டிருப்பாள், சாப்பிடாமல் இருந்திருப்பாள், மகளின் ‘யாரோ மாமா’வை மறுபடி இழுத்திருப்பாள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் போக நினைத்தது வலித்தது; ஆனால் அதைவிட, காலையில் கொட்டகைக்குள் போய், குழாயைக் கையில் பிடித்து, மூட்டை மூட்டையாக அவன் நனைத்துக்கொண்டிருந்த காட்சிதான் தாங்கவில்லை. எவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறான்! அந்தப் பொறுமையில் கால்வாசி இருந்தால் இவளிடம் பேசியிருக்கலாம்.

முற்றத்துக்குத் திரும்பும் வரை அவளே ஓட்டினாள். ஓட்டுகிற இருக்கையிலிருந்து அவள் இறங்குவதை நல்லவண்டி பார்த்துத் திருதிருவென்று விழித்தார். பிறகு தொழில் புத்தி வந்துவிட்டது. “எப்படிம்மா? நல்ல வண்டி இல்ல? இல்ல, சாரு ஆசைப்படற மாதிரி சாம்பலையும் ஒரு ரவுண்டு…”

“வெள்ளையே போதும். பழசை எடுத்துக்கிட்டு மிச்சத்தைச் சொல்லுங்க.”

“அப்ப கல்லு?” என்றான் டிரைவர், மெதுவாக. “இதுல கல்லு ஏத்த முடியாது.”

“கல்லு ஏத்தணும்னா அதுக்கு ஏத்த வண்டி பாத்துக்குங்க. நான் குறுக்க நிக்கல. என் செடிக்கு இது போதும். நானே ஓட்டிக்கறேன்.”

“அப்ப நான்?”

‘என் செடி’ என்று சொன்னது அவள் காதிலும் விழுந்தது. இத்தனை வருடம் ‘நம்ம செடி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்ன கணமே பயமும் வந்துவிட்டது: மூட்டையை யார் தூக்குவது, பெரிய தொட்டிகளை யார் இறக்குவது, சாயங்காலம் வாசலில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்கும்? சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஈர மூட்டைகளைப் பார்த்தாள். வரவில்லை.

பேசி முடித்து, முன்பணம் கைமாறி, பழைய பிக்கப்பின் சாவி நல்லவண்டியின் பாக்கெட்டுக்குள் போனது. அவள் வெள்ளை வண்டியில் ஏறி, இருக்கையின் அடியில் கம்பியைத் தேடி இழுத்தாள். இருக்கை கிறீச்சிட்டு முன்னால் வந்தது. இப்போது கிளட்ச் எட்டியது.

டிரைவர் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே நின்றிருந்தான். சாம்பலை ஒரு தடவை பார்த்தான். பிறகு வெள்ளையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, கதவின் கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. மறுபடி இழுத்தான்.

“அது வெளியிலிருந்து வராதுங்க” என்று நல்லவண்டி அங்கிருந்தே கத்தினார். “காலையில நான்தான் திறந்து வச்சிருந்தேன். சின்ன விஷயம்தான். உள்ளேருந்து யாராச்சும் திறந்துவிட்டா போதும்.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கைப்பிடியை விடாமல், கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தபடி நின்றான். அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. விரல் நகங்களில் இன்னும் காப்பி நிற ஈரம் காயவில்லை.