வரத்துக்காலில் ஏழு பேர்

விடிவதற்கு முன்பே தரைக்கல் பட்டறையில் அமீர் ஹம்சா எட்டாவது கல்லை இறக்கியிருந்தான். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சுக்குள் சிவப்பும் மஞ்சளுமாய்ச் சாயக் கலவை. அச்சைத் தூக்கி, காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக்கலவையை அப்பி மட்டம் இழுத்தால் ஒரு கல். சிமெண்டு தின்ற விரல்நுனிகளில் ரேகை அழிந்து போயிருந்தது. மறுநாள் கண்ணாடியிலிருந்து கழற்றித் தொட்டியில் ஊறப்போட வேண்டும். ஊறாத கல் விரிசல் விடும்.

அந்தத் தொட்டி ஹம்சாவின் பொறுப்பு. மாதக்கணக்கில் கல் ஊறி, சிமெண்டுச் சுண்ணாம்பு இறங்கிய தண்ணீர், கையை விட்டால் காந்தும். வருசத்துக்கு ஒருமுறை, முதல் மழை இடிக்கும்போது தொட்டியின் அடித்துளையை அடைத்திருக்கும் கட்டையைப் பிடுங்கி அதை வெளியே விட்டுவிட்டுக் கூரைத் தண்ணீரைப் புதிதாகப் பிடித்துக்கொள்வார்கள். வெளியே விட்டது தெருவோர வரத்துக்காலில் ஓடும். அதே கால்தான் அரை மைல் தள்ளி இருக்கும் ஊருணிக்கும் மழைநீரைக் கொண்டு போகிறது. ஆனால் முதல் மழை கூரைக் குப்பையையும் தெருச் சாணியையும் அள்ளிக்கொண்டு வருமென்று ஊருணி வாயைப் பலகை போட்டு அடைத்திருப்பார்கள். அழுக்கோடு அழுக்காகத் தொட்டித் தண்ணீரும் பொட்டலுக்குப் போய்விடும். இரண்டாம் மழைக்குத்தான் பலகை திறக்கும். ஊருணித் தெருவில் நூறு வீட்டுக்கு அடுத்த ஐப்பசிவரை குடிதண்ணீர் அதுதான். ஹம்சாவின் வீட்டுக்கும்.

அறுபத்தெட்டாம் வருசம் மழை பிந்தியது. அன்று குன்றக்குடிப் பக்கம் வானம் இடித்து, கூரை சடசடத்ததும் ஹம்சா கட்டையைப் பிடுங்கினான். வெளுத்த தண்ணீர் பீறிட்டு வெளியே பாய்ந்தது.

மண் சுமக்கும் பொன்னுத்தாயி அப்போதுதான் வாசலில் நுழைந்தாள்.

"எவன்டா கட்டையப் புடுங்குனது? பலகை தொறந்து கெடக்குடா!"

"முதல் மழையே இப்பத்தானேக்கா பெய்யுது?"

"வெள்ளிக்கிழமை பொழுதுசாய நம்ம ஊருணித் தெருவுல மொத மழை கொட்டித் தீத்துச்சே! நீ எங்குட்டுப் போன?"

வெள்ளி மாலை ஹம்சா டவுனில், மாலை வகுப்பில் இருந்தான். வீடு திரும்பும்போது தெரு நனைந்திருந்தது. தூறல் என்று நினைத்தான். பட்டறைப் பக்கம் ஒரு பொட்டு விழவில்லை. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவன், இதைக் கேட்கவில்லை.

கட்டையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சாக்கைத் திணித்தான், அதையும் துப்பியது. வெளியே ஓடி வரத்துக்காலில் குதித்தான். கால் வெடிப்புகளில் சுண்ணாம்பு நெருப்பாய் ஏறியது. பொன்னுத்தாயி மண் கூடையோடு இறங்கினாள். கரண்டியைப் போட்டுவிட்டுப் பட்டறையின் மூத்த ஆள் மலையாண்டி வந்தார். பட்டறையின் மற்ற நால்வரும் வந்தார்கள். மணல் மூட்டைகளை உருட்டிக் குறுக்கே அணை போட்டார்கள். போனது போக மீதி நின்றது.

நின்ற தண்ணீர் திரும்பிப் பட்டறை முற்றத்துக்குள் ஏறியது. அங்கே கீற்றுக் கொட்டகைக்கு அடியில், ஒரு கல்யாண வீட்டுக்கு இறக்கிய முந்நூறு கல் இன்னும் இறுகாமல் காய்ந்துகொண்டிருந்தது. குடையோடு வந்த வயிரவன் முதலாளி அதைத்தான் முதலில் பார்த்தார்.

"ஒடைங்கடா அந்த அணைய! கல்லு பூரா கரையுது!"

"ஒடைச்சா ஊருணிக்குப் போயிரும் முதலாளி," என்றார் மலையாண்டி.

"போனா என்ன? ஒரு நா தண்ணியில ஊரு செத்துப் போயிருமா?"

"அப்ப ஒரு செம்பு மோந்து தாறேன். குடிச்சுக் காட்டுங்க," என்றாள் பொன்னுத்தாயி.

யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளியின் கழுத்து சிவந்தது.

ஹம்சாவின் கண் முற்றத்தைத் தாண்டிப் போனது. புது குடோனுக்கு அஸ்திவாரம் தோண்டிய பள்ளம், இடுப்பளவு ஆழம், காலியாகக் கிடந்தது. சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினான். இன்றைக்கு ஒரு தப்பு செய்தாயிற்று. பிறகு மண்வெட்டியை எடுத்து முற்றத்து மூலையை வெட்டிவிட்டான். தண்ணீர் திரும்பிப் பள்ளத்தில் இறங்கியது.

"டேய்! வியாழக்கிழமை அங்க பூசைடா!"

"அங்குட்டே நிக்கட்டும் முதலாளி. மூணு நாள்ல மண்டி அடியில தங்கிரும். மேல தெளிஞ்ச தண்ணியில மறுபடி கல்லு ஊறப்போடலாம். நிரந்தரமா ஒரு குழி இருந்தா வெளிய விடவே வேண்டாம்."

"இதத்தான் சாயங்காலப் பள்ளியில சொல்லித் தாராகளா?"

"இல்ல. தொட்டியப் பாத்தாலே தெரியும்."

"நாளையிலேருந்து நீ வர வேணாம்."

"இடிச்சாப் புடுங்குன்னு பழக்குனவுக நாம. அவன மட்டும் போகச் சொன்னா எப்படி?" என்று மலையாண்டி கேட்டார். பதினெட்டு வருசத்தில் அவர் முதலாளியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆத்தங்குடியில கை வேல தெரிஞ்சவன் ஆயிரம் பேரு அலையுறான்," என்று சொல்லிவிட்டு வயிரவன் உள்ளே போனார்.

மத்தியானம் ஏழு பேரும் ஊருணிக்குப் போனார்கள். பொன்னுத்தாயி பலகையை இறக்கி வாயை அடைத்தாள். ஓரத்தில் பாலாய் ஒரு வெளுப்பு. எவ்வளவு கலந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் வெறுங்குடத்தோடு படியில் நின்றார்கள்.

"புடுங்குனது நான்தான்," என்றான் ஹம்சா.

அவனுடைய அடுத்த வீட்டு ராபியா கேட்டாள்: "சரி, புடுங்கிட்ட. அடுத்த வருசம் எவனும் புடுங்காம இருக்க வழி என்ன? அதச் சொல்லு."

பள்ளத்தைப் பற்றிச் சொன்னான். தடுமாறித்தான் சொன்னான். பாதியில் மலையாண்டி பேச்சை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் பட்டறைக் கதவு பூட்டியிருந்தது. கம்பிக்குள்ளிருந்து முதலாளி கூப்பிட்டார்: "அந்தப் பய வெளிய நிக்கட்டும். மத்த ஆறு பேரும் உள்ள வாங்க."

"குழியும் நிக்கணும், அம்சாவும் வேலையில நிக்கணும். ரெண்டுக்கும் சரின்னாக் கதவத் தொறங்க," என்றாள் பொன்னுத்தாயி.

"நடக்காது."

"சரி, இருக்கோம்."

ஏழு பேரும் கதவுக்கு முன்னால் ஈர மண்ணில் உட்கார்ந்தார்கள். முதலாளி சாவியை மடியில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தார். சாலைத் திருப்பத்தில் பேச்சுக்குரல் கேட்டது. காலிக் குடங்களோடு ஊருணித் தெரு வந்துகொண்டிருந்தது, முன்னால் ராபியா.

"நகந்து உக்காருங்கப்பா," என்றார் மலையாண்டி. "இன்னும் நெறையப் பேரு வாராக."