வளையத்தில் இல்லாத தேதி

அரிசோனா பாலைவனச் சந்தையில் அந்த இரண்டு கேஸ் சிலிண்டர்களும் கண்ணாடி போல மின்னின. மறுநாள், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய டிரெய்லர் வீடுகளின் கண்காட்சி. சிலிண்டர்களை மாட்டும் தங்கள் டிரெய்லரின் முன்பக்கம் ஜொலிக்க வேண்டும் என்று ஆர்வில் துடித்தார். அவர் மனைவி வெர்னாவுக்கு விலை மலிவாக இருந்ததே உறுத்தியது.

"குரோம் பூச்சு மேடம். முகம் பார்த்துத் தலை சீவிக்கலாம்," என்றான் கடைக்காரன் டுவேன்.

"இவருக்குச் சீவ என்ன இருக்கு?" என்றபடி வெர்னா சிலிண்டரின் கழுத்து வளையத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. "தயாரிச்ச தேதியை இங்கதானே அடிச்சிருப்பாங்க? எங்க காணோம்?"

"பாலிஷ் போடும்போது தேய்ஞ்சிருக்கும்."

"அவ்வளவு பழசா? தேதி இல்லேன்னா ஒருத்தனும் கேஸ் நிரப்ப மாட்டான்."

டுவேன் அவசரமாக அடுத்த ஆளிடம் திரும்பினான்.

மூலையில் தூசி படிந்து கிடந்த சாம்பல் நிற ஜோடியைத் துடைத்துப் பார்த்தாள். தேதி தெளிவாக இருந்தது. மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

"இதை எடுத்துக்கலாம். தேதியை மட்டும் விட்டுட்டு வெள்ளி பெயின்ட் அடிச்சுக்குங்க."

"கண்ணாடி மாதிரி வராதே, வெர்னா!"

"கேஸ் இல்லேன்னா ராத்திரி ஹீட்டர் எரியாது. குளிர்ல நடுங்கிக்கிட்டே முகம் பாக்கணுமா உங்களுக்கு?"

ஆர்வில் பெயின்ட் கடையைத் தேடி நடந்தார்.